கறுப்புக் கல்லின் சாய்வு

அன்றைக்குத் துளையிலிருந்து வந்த தூள் வெள்ளையாக இல்லை.

அர்ச்சுனன் அந்த மலையில் துளை போட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மெஷினின் கம்பி கல்லுக்குள் இறங்கும்போது அரிசி மாவு மாதிரி வெள்ளைத் தூள் மேலே கிளம்பும். புருவத்திலும் காதுமடலிலும் படியும். சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், "வந்துட்டாருய்யா மாவு மில்லுக்காரரு" என்பாள் அவன் மனைவி யோகேஸ்வரி. அன்றைக்குப் பாதித் துளையில் கம்பி சட்டென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், ஈரச் சாக்கு மூட்டையை அடிப்பது மாதிரி மொத்து மொத்தென்று ஆனது. தூள் முதலில் பழுப்பாக வந்தது. பிறகு பச்சை கலந்த கறுப்பு. பிறகு கலங்கல் தண்ணீர். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் பழைய கணீர் திரும்பி, வெள்ளைத் தூள் வந்தது.

அவன் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

காஹாங்கிலிருந்து குளுவாங் போகிற சாலையில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்தக் குவாரி. மலையின் ஒரு பக்கம் இன்னும் காடு. மறுபக்கம் படிப் படியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியும் நாலு மாடி உயரத்துக்கு நின்றது. மேல்படியில் துளை போட்டு மருந்து வைத்து வெடிக்கச் செய்வார்கள். கீழே சரிந்த கல்லை லோரிகள் அள்ளிக்கொண்டு போகும். நவம்பர் கடைசி. கிழக்கிலிருந்து மழை வர ஆரம்பித்திருந்தது. மத்தியானமே மூட்டம் இறங்கி, செம்பனை உச்சிகள் தெரியாமல் போய்விடும்.

"விஜயா, இங்க வாயேன்."

விஜயன் அங்கே மண்டோர். வேலை யாருக்கு, எந்தப் படியில் என்று பிரித்துக் கொடுப்பவன். யோகேஸ்வரியின் தம்பி. அம்மா செத்தபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. அக்காதான் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி ஆளாக்கினாள். அர்ச்சுனனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"என்னா மச்சான்?"

"கல்லு மாறுது பாரு. நேத்து ஓரத்துல போட்ட குழியில ரொம்ப ஆழத்துலதான் இது வந்துச்சு. இன்னிக்குப் பின்னால தள்ளிப் போட்டேன். சீக்கிரமே வந்துருச்சு."

விஜயன் குனிந்து ஈரத் தூளை விரலில் எடுத்துத் தேய்த்தான். "பாத்து ஹித்தாம் லா, கறுப்புக் கல்லுதான். கறுப்புக் கல்லு எல்லா மலையிலயும் ஒரு கோடு, ரெண்டு கோடு ஓடும். க்ரஷர்ல போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"தண்ணி வருதுடா."

"மழ பேஞ்சா தண்ணி வராம தெ தாரிக் டீயா வரும்? போடுங்க மச்சான். ரோட்டுக்காரன் கல்லு கேட்டு உயிர வாங்குறான்."

சொல்லிவிட்டுப் போனவன் கொஞ்ச தூரத்தில் நின்று, ஓரத்திற்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். அர்ச்சுனன் அதைக் கவனித்தான். கீழே சுவரில் நெடுக ஒரு கறுப்புப் பட்டை சரிந்து கிடந்தது. அதன் அடி விளிம்பில், மழை பெய்யாத நேரத்திலும், தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகள் லோஷினி வந்திருந்தாள். ஜொகூர் பாருவில், கட்டடம் எழுப்புவதற்கு முன் பூமியைத் துளைத்து மண்ணையும் கல்லையும் எடுத்துப் பார்க்கிற கம்பெனியில் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்ததும் பாறையைத்தான். காலையில் அவள் சமையலறை மேசையில் ரொட்டிக்குக் காயா ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது, அர்ச்சுனன் இரண்டு கல்லைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு.

"இத என்னான்னு சொல்லு பாப்போம்."

அவள் இரண்டையும் குழாயில் கழுவி, பையிலிருந்த சின்ன லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே குடும்பந்தான்பா. பூமிக்கு அடியில பாறை உருகிக் கொழம்பா கெடக்கும்ல, அது ஆறி இறுகுனா வர்ற கல்லு. தீப்பாறைன்னு படிச்சோம்."

அடுப்பில் கோழி பிரட்டிக்கொண்டிருந்த யோகேஸ்வரி திரும்பினாள். "ஒரே குடும்பம்னா ஏன் ஒண்ணு வெள்ள, ஒண்ணு கறுப்பு?"

"ஒரே குடும்பத்துல ரெண்டு நெறத்துல புள்ள பொறக்கலியாம்மா? கல்லுகிட்ட நாங்க ரெண்டு கேள்விதான் கேப்போம். நீ எங்க ஆறுன? உள்ள என்னா வச்சிருக்க?" அவள் வெள்ளைக் கல்லை எடுத்தாள். "இது கிரானைட். பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல மாட்டிக்கிச்சு. மேல அத்தன பாறை போர்வ மாதிரி மூடியிருக்கு, சூடு வெளிய போவ வழியில்ல. லட்சக்கணக்கான வருஷம் மெதுவா ஆறுச்சு. மெதுவா ஆறுனா மணி பெருசா வளரும். பாருங்க, கண்ணுக்கே தெரியுது. கண்ணாடி மாதிரி இருக்கறது குவார்ட்ஸ். பால் மாதிரி வெள்ளையா இருக்கறது ஃபெல்ட்ஸ்பார். மினுக்குற கறுப்புச் செதில் பயோடைட்."

"அப்பறம் எப்டி மலையா நிக்குது?"

"மேல இருந்ததெல்லாம் மழையில கரஞ்சு போச்சு. உள்ள இருந்தது மெல்ல மேல வந்துருச்சு."

"கருங்கல்லு கருங்கல்லுன்னு சொல்றோம், பாத்தா வெள்ளையா இருக்கு" என்று அர்ச்சுனன் சிரித்தான். "அப்ப இந்தக் கறுப்பு?"

"இது பின்னால வந்த விருந்தாளி. கிரானைட் ஆறி, இறுகி, வெடிப்பு விட்டப்பறம், அடியிலேருந்து வேற கொழம்பு ஒண்ணு அந்த வெடிப்புல ஏறியிருக்கு. இரும்புச் சத்து நெறய உள்ள கொழம்பு, அதான் கறுப்பு. ரெண்டு பக்கமும் சில்லுன்னு கல்லு. சட்டுன்னு ஆறிடுச்சு. மணி வளர நேரமில்ல. லென்ஸ் வச்சாத்தான் தெரியுது. இதுக்கு டோலரைட்னு பேரு. இதே கொழம்பு பூமிக்கு மேல வந்து ஓடியிருந்தா இன்னும் வேகமா ஆறியிருக்கும், பசால்ட். சிகாமாட் பக்கம் இருக்கு. ஆழத்துலயே தங்கி மெதுவா ஆறியிருந்தா கேப்ரோ. சாமான் ஒண்ணுதான்பா. ஆறுன எடத்த வச்சு மூணு பேரு."

அவள் கறுப்புக் கல்லின் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விளிம்பு பழுப்பாக உதிர்ந்து, சோப்பு மாதிரி விரலில் ஒட்டியது. அவள் முகம் மாறியது.

"அப்பா, இந்தப் பட்டை அங்க செங்குத்தா நிக்குதா, சாஞ்சிருக்கா?"

அர்ச்சுனன் ஓரத்துக் குழியையும் பின்பக்கத்துக் குழியையும் பற்றிச் சொன்னான். பின்னால் போகப் போகக் கறுப்பு சீக்கிரம் வருகிறது. ஓரத்துக்கு வர வர ஆழத்தில் போகிறது. கீழே சுவரில் வெளியே தெரிகிறது.

லோஷினி, காயா தடவிய ரொட்டியின் மேல் இன்னொரு ரொட்டியை வைத்து, தட்டை அவன் பக்கமாகச் சாய்த்தாள். மேல் ரொட்டி வழுக்கிக்கொண்டு மேசையில் விழுந்தது.

"அந்தக் கறுப்புக் கல்லு கிரானைட்ட விடச் சீக்கிரம் மக்கும்பா. மக்குனா களிமண்ணு. மழத்தண்ணி அந்த வழியாத்தான் எறங்குது. நீங்க மெஷினோட நிக்கறது இந்த மேல் ரொட்டியில."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. விஜயன் ஒரு பை ரம்புத்தான் பழத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"ஏ டாக்டர்! எப்ப வந்த? என்னா, கல்லுக்குக் காய்ச்சலா? லென்ஸ் எல்லாம் வச்சுப் பாக்குற?"

லோஷினி சிரிக்கவில்லை. "மாமா, மேல்படியில வேலைய நிறுத்துங்க. இன்ஜினியர் யாராச்சும் வந்து பாக்கட்டும். அந்தப் பட்டை கீழ வெட்டுன குழிப் பக்கமா சாஞ்சிருக்கு. ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா புடி விடும்."

"போன வருஷமே இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போயாச்சு."

"போன வருஷம் சுவரு அங்க இல்லியே மாமா. நீங்க வெட்டி வெட்டித்தான அது வெளிய வந்திருக்கு."

விஜயன் ரம்புத்தான் பையைக் கீழே வைத்தான். "காலேஜ் கல்லு வேற, காஹாங் கல்லு வேற. நான் சின்னப் பையனா வந்து சேந்த எடம் அது. எனக்கு இத்தன நாளா ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுன்னு சொல்லலியே மாமா."

"தாப்பா லா, விடு." அவன் யோகேஸ்வரியைப் பார்த்தான். "சோறு போடுக்கா. பசிக்குது."

விஜயன் வழக்கமாக மூன்று தடவை சோறு வாங்குவான். அன்று ஒரு தடவையோடு கை கழுவினான்.

அடுத்த வாரம் அர்ச்சுனன் மெஷினில் ஏறவில்லை. இடுப்பு வலி என்று சொன்னான். விஜயனுக்கு அது பொய் என்று தெரியும். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. கீழே லோரிகளுக்கு வழிகாட்டுகிற வேலையைக் கொடுத்தான். உண்மையைச் சொன்னால் மச்சினனை மாட்டிவிட்டது மாதிரி ஆகும் என்று அர்ச்சுனன் நினைத்தான். மேனேஜர் கோலாலம்பூர்க்காரர். கல் எவ்வளவு போயிற்று என்பதைத் தவிர வேறு பேசாதவர். மண்டோரின் வீட்டுக்காரர்களே வேலையை மறுக்கிறார்கள் என்றால் மண்டோரின் கதி என்ன?

மேல்படி மெஷினில் மஹ்சுன் ஏறினான். லோம்போக் தீவிலிருந்து வந்தவன், நாற்பதைத் தாண்டியவன். அதற்கு முன் கீழே எக்ஸ்கவேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

குவாரிச் சாலை பெரிய சாலையில் சேருகிற முனையில்தான் யோகேஸ்வரியின் ஒட்டுக்கடை. நாலு மேசை, தகரக் கூரை. லோரிக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் வருவார்கள். தோசை, மீ கோரேங் என்கிற நூடுல்ஸ் பிரட்டல், மத்தியானம் சோறு. மஹ்சுன் தினம் விடிந்ததும் வந்து உட்காருவான். முட்டை போட்ட மீ, பால் விடாத கோப்பி ஓ. மாட்டுக்கறி இல்லாத கடை என்று தெரிந்து அவன் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவன் முஸ்லிம் என்பதால் அவள் அவனுக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தாள். அவன் அவளைக் காக், அக்கா, என்று கூப்பிடுவான். ஊரில் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியிருப்பதாகவும், ஹரி ராயாப் பெருநாளுக்குப் போகும்போது நடத்தப்போவதாகவும் சொல்லியிருந்தான்.

மழை விடவில்லை. சாலையோரப் பள்ளங்கள் நிரம்பி, செம்பனை மரங்களின் அடியில் தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்தது. ஆற்றுப் பக்கத்துக் கிராமத்து ஆட்களைப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு மாற்றினார்கள். மழை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் குவாரிச் சங்கு ஊதும். பிறகு வெடி. கடையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் யோகேஸ்வரி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். வெடிக்குப் பிறகு கல் உருளும் சத்தம் வரும், அடங்கும். அது அடங்கின பிறகுதான் மீயைப் பிரட்டுவாள்.

வீட்டில் அர்ச்சுனன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

"இன்னிக்கு மேல ஒரு வெடிப்பு பாத்தேன்" என்றான் ஒருநாள். "மெஷின் நிக்கற எடத்துக்குப் பின்னால. விரல் நொழையற அளவு."

"மஹ்சுனுக்குத் தெரியுமா?"

"மேல மண்ணு மூடிக் கெடக்கு. கவனிச்சிருக்க மாட்டான்."

"நீங்க சொல்லலியா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "விஜயன்கிட்டச் சொன்னேன். பாக்கறேன்னு சொன்னான்."

"நம்ம ஆளு எறங்கிக்கிட்டாரு. எவனோ ஒருத்தன் ஏறி நிக்கறான். நான் அவனுக்குத் தெனம் மீ பெரட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். என்னால முடியலங்க."

"வாய விட்டா ஒந்தம்பிக்குத்தான் கேடு."

"தெரியும்" என்றாள் அவள்.

மறுநாள் காலை மஹ்சுன் வந்து உட்கார்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை. யோகேஸ்வரி கோப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மலாயில்தான் பேசினாள், அவளுக்குத் தெரிந்த சந்தை மலாய். மேலே மெஷினுக்குப் பின்னால் வெடிப்பு இருக்கிறது என்றாள். கறுப்புக் கல் சாய்ந்திருப்பதைச் சொன்னாள். தன் கணவனுக்கு இடுப்பு வலி இல்லை என்பதையும் சொன்னாள்.

மஹ்சுன் கோப்பியைக் கலக்கினான்.

"துளையில் பழுப்புத் தண்ணீர் வந்தது, காக். நேற்று மெஷின் ஒரு பக்கம் இறங்கின மாதிரி இருந்தது. மழையில் மண் இளகியிருக்கும் என்று நினைத்தேன்."

"ஏறாதே."

"நான் ஏறாவிட்டால் வேறு யாரையாவது ஏற்றுவார்கள்."

"யாருமே ஏறாதீங்க."

அவன் காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். பாதி மீ தட்டிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விஜயன் வந்தான். காரை நிறுத்தக்கூட இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கதவைத் திறந்து இறங்கினான்.

"அக்கா, மஹ்சுன்கிட்ட என்னா சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன்."

"மேல்படி ஆளுங்க மூணு பேரும் ஏற மாட்டேங்கறானுங்க. மேனேஜர் ஆபீஸ்ல நின்னு கத்துறாரு. யாரு சொன்னான்னு கேட்டா, மண்டோரோட அக்கான்னு சொல்றானுங்க. என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கறது?"

"மூஞ்சி பெருசா உசிரு பெருசா விஜயா?"

"உனக்கு உன் புருஷன் பத்திரமா கீழ நிக்கறாரு. அது போதாதா? ஊருக்கெல்லாம் ஏன் சொல்ற?"

"அவன் என் கையால தின்னுட்டுப் போறான்டா. நாளைக்கு அவன் மேல மல விழுந்தா இந்தச் சட்டிய நான் எப்டித் தொடுவேன்?"

லோரியில் வந்து இறங்கிய இரண்டு பேர் கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்கள். விஜயன் அவர்களைப் பார்த்தான். குரல் இன்னும் ஏறியது.

"ஒன் மகளும் நீயும் சேந்து என் வேலைக்கி ஒல வச்சிட்டீங்க. ஒண்ணும் ஆவாதுக்கா! நானே ஏறி நின்னு துள போட்டுக் காட்டுறேன். அப்ப நம்புவானுங்கல்ல?"

"விஜயா, வேணாண்டா. டேய்!"

அவள் கார்க் கதவைப் பிடித்தாள். அவன் அவள் கையை எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை; ஒவ்வொரு விரலாக எடுத்தான். கார் சேற்றை வாரி அடித்துக்கொண்டு குவாரிச் சாலையில் ஏறியது.

அவள் கணவனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவன் எடுத்தான். "விஜயன் மேல ஏறப் போறான். புடிங்க."

அர்ச்சுனன் கீழே லோரிகள் நிற்கிற இடத்தில் இருந்தான். போனைக் கேட்டவுடன் மேல்படிக்குப் போகிற வழியில் ஓட ஆரம்பித்தான். அந்தப் பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். செம்மண் சேறு பூட்ஸை இழுத்தது. பாதித் தூரத்தில் நின்று நிமிர்ந்தபோது மெஷினின் சத்தம் கேட்டது. மஞ்சள் மெஷின் ஓரத்தில் நின்றது. அதற்குள் விஜயனின் ஆரஞ்சு நிறச் சட்டை தெரிந்தது. கம்பி தாங்கியிருக்கிற உயரமான சட்டம் மடக்கிப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. அடுத்த குழிக்கு நகர்த்துகிறான் போலிருக்கிறது என்று அர்ச்சுனன் நினைத்தான்.

"விஜயா! எறங்குடா! டேய், வுட்டுட்டு எறங்கு!"

விஜயன் திரும்பிப் பார்த்தான். கையை உயர்த்தினான். வருகிறேன் என்கிறானா, தள்ளிப் போ என்கிறானா, தெரியவில்லை.

பெரிய சத்தம் எதுவும் முதலில் வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் தரை ஒரு கோடாகப் பிளந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாறை முழுதும், மெஷினோடும் அதன் மேல் நின்ற இரண்டு மரத்தோடும், நின்ற வாக்கிலேயே மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. மின்தூக்கி இறங்குவது மாதிரி. பிறகு வேகம் எடுத்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். கடையில் யோகேஸ்வரி கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். சங்கு ஊதாமல் வந்த சத்தம்.

தூசு அடங்கினபோது மேலே புதிதாக ஒரு சுவர் நின்றது. நெடுக வழவழவென்று, பழுப்பும் கறுப்புமாக, ஈரம் மின்னிக்கொண்டு, குழிப் பக்கம் சாய்ந்து.

கீழே யாரும் சாகவில்லை. ஏற மாட்டோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஆபீஸ் பக்கம் நின்றிருந்ததால், அன்றைக்கு லோரிகள்கூடச் சுவருக்கடியில் போகவில்லை. விஜயனின் உடலை மீட்கப் பல நாள் பிடித்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. தீயணைப்பு ஆட்கள் நிற்கச் சொன்ன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மஹ்சுன் எக்ஸ்கவேட்டரை விட்டு இறங்கவில்லை. லோஷினி ஜொகூர் பாருவிலிருந்து வந்து, எந்தப் பக்கத்தில் தோண்டினால் இன்னும் சரியாது என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாவு வீட்டில் விஜயனின் மனைவி சாந்தினி யோகேஸ்வரியைக் கிட்டே வரவிடவில்லை.

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அவரு ஏன் ஏறப் போறாரு? அவரு மண்டோரு. கீழ நின்னு வேல வாங்குறவரு. ரோஷத்துல ஏத்தி வுட்டுட்டீங்களே அண்ணி!"

யோகேஸ்வரி சவப்பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். கடையைத் திறக்கவில்லை. லோஷினி தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"நான் சொல்லாம இருந்திருக்கணும்மா" என்றாள் லோஷினி.

"நீ சொன்னது சரி. நான் சொன்னதும் சரிதான்" என்றாள் யோகேஸ்வரி. "அவன் செத்துட்டான்ல."

விசாரணைக்குத் தொழில் பாதுகாப்பு இலாகா அதிகாரிகள் வந்தபோது குவாரி ஆபீஸுக்கு எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. சாந்தினியை அவள் அண்ணன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அர்ச்சுனனும் யோகேஸ்வரியும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வேலையாட்கள் வாசலில் நின்றார்கள்.

மேனேஜர் நிதானமாகப் பேசினார். அசாதாரண மழை. வேலையை நிறுத்துவதாகத்தான் இருந்தோம். மண்டோர் பிடிவாதமாகத் தானே ஏறித் துளை போடப் போனார். அங்கே ஆபத்து இருப்பதாக எங்களிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை.

அதிகாரி, ஒரு நடுவயது மலாய்ப் பெண், எல்லாரையும் பார்த்தாள். "முன்னமே தெரிந்தவர்கள் யாராவது உண்டா?"

அர்ச்சுனன் எழுந்தான். சாந்தினி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவன் சொல்லப்போவது தன் புருஷன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"எனக்குத் தெரியும்" என்றான் மலாயில். "வெடிப்பைப் பார்த்தேன். மண்டோரிடம் சொன்னேன். அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலி என்று பொய் சொல்லி இறங்கிக்கொண்டேன்."

"மண்டோர் என்ன செய்தார்?"

அவன் சாந்தினியைத் திரும்பிப் பார்த்தான்.

"மண்டோர் மேனேஜரிடம் சொன்னார்."

வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து மஹ்சுன் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மேனேஜர் அவனைப் பார்த்து, "உன் வேலை பெர்மிட் இந்தக் கம்பெனி பேரில் இருக்கிறது. நினைவு வைத்துக்கொண்டு பேசு" என்றார், ரொம்பத் தணிவாக. அதிகாரி மேனேஜரை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீ பேசு" என்றாள்.

மஹ்சுன் சொன்னான்: "அன்றைக்குக் காலையில் நான் மெஷின் சாவியைக் கொடுக்க வந்து இந்த வாசலில்தான் நின்றேன். மண்டோர் காரில் வந்து இறங்கி நேராக உள்ளே போனார். கதவு திறந்திருந்தது. மேல்படியை இன்றோடு மூடிவிடுங்கள் என்றார். போன மாதமே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை என்றார். கறுப்புக் கல் குழிப் பக்கம் சாய்ந்திருக்கிறது, என் அக்கா மகள் பாறை படித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். மேனேஜர் ரொம்ப நேரம் கத்தினார். கடைசியில், மூடித் தொலை, ஆனால் மெஷின் மேலேயே நின்று அதற்கு ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு, இறக்கிக் கொண்டு வா என்றார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்படியானால் அவர் துளை போட ஏறவில்லையா?" என்றாள் அதிகாரி.

"இல்லை. மெஷினைக் கீழே கொண்டுவர ஏறினார்."

அர்ச்சுனன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மடக்கிப் படுக்க வைத்திருந்த சட்டம். துளை போடுகிறவன் சட்டத்தை மடக்கமாட்டான். நகர்த்துகிறான் என்றே நினைத்தான். எங்கே நகர்த்துகிறான் என்று நினைக்கவில்லை.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினாள்.

விசாரணை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். சாந்தினி காருக்குப் போகாமல் கூரைக்கடியில் நின்றாள். யோகேஸ்வரி மஹ்சுன் எதிரில் போய் நின்றாள்.

"மெஷினை ஓட்டுறவன் நீதானே. எறக்குறதுக்கு அவன் ஏன் போனான்?"

மஹ்சுன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான்தான் போவதாகச் சொன்னேன், காக். அவர் என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்."

"என்னா சொன்னான்?"

"நீ என் அக்கா கடையில் சாப்பிடுகிறவன். உனக்கு ஒன்று ஆனால் அவள் என் முகத்தில் முழிக்கமாட்டாள் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்."

சாந்தினிக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவள் மெல்ல வந்து யோகேஸ்வரியின் தோளோடு தோளாக நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் யோகேஸ்வரி.

மஹ்சுன் சொன்னான்.

"இன்னொரு தடவ."

அவன் மறுபடியும், அதே வார்த்தைகளை, ஒன்றும் விடாமல் சொன்னான்.